வாசலில் ஐந்து லொறிகள்

"ஒரு பில்லும் பிழைக்கக்கூடாது, பிள்ளை. லொறிக்காரர் வெளிக்கிட நிக்கினம்," என்றார் முதலாளி சிவராசா.

டிலுசா தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தாள். மாங்குளத்தில் கொங்கிறீற் குழாய் வார்க்கும் அந்தத் தொழிற்சாலையில் வரிப் பற்றுச்சீட்டுகள் தயாரிப்பது அவள்தான். படங்கு இழுத்துக் கட்டிய ஐந்து லொறிகள் வாசலில் அதற்காகத்தான் காத்து நின்றன.

வேலை கேட்டு நெடுங்கேணியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த கிருபனுக்கு, அந்த வரிசையைக் கண்டதும் நெஞ்சு விரிந்தது. எட்டு மாதமாக அவன் ஏறி இறங்காத வெல்டிங் பட்டறை இல்லை. எல்லோரும் "சொல்லி அனுப்புறம்" என்றார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை.

"முதலாளியோட ஒருக்காக் கதைக்கலாமோ, தங்கச்சி?"

"இருங்கோ அண்ணை. இண்டைக்கு மூச்சுவிட நேரமில்லை. வாங்கினவையின்ர வற் வரி நம்பரில ஒரு இலக்கம் பிழைச்சாலும் பில்லைத் திருப்பி அனுப்பிப்போடுவினம்."

அவன் ஒரு கதிரையில் இருந்தான். சிவராசா ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"இது எத்தினை?"

"ஒண்டு."

"வற் பதினெட்டு வீதம். சரி. அடுத்தது?"

"அதுவும் ஒண்டுதான், ஐயா."

பிரின்டர் ஓயவில்லை. சிவராசா கையெழுத்து வைத்துச் சீல் குத்திக்கொண்டேயிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. பெரிய வியாபாரிகள் அப்படித்தான் என்று கிருபன் நினைத்துக்கொண்டான்.

அவனுடைய மனைவி ஜெயரூபினி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். போகும்போது மகளுக்கு இரண்டு வயது, இப்போது எட்டு. இன்னும் இரண்டு வருடத்துக்கு இருப்பதானால் இன்றைக்குள் அவள் புது ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க வேண்டும்.

கிருபன் போனை வாயருகே பிடித்து மெதுவாகச் சொன்னான்.

"ஜெயா, கையெழுத்து வைக்காத. இஞ்ச லொறி லொறியாச் சாமான் போகுது. இவ்வளவு வேலைக்கு ஆள் தேவைப்படாமல் இருக்காது. நீ வா."

ஐந்து நிமிடத்தில் அவளுடைய குரல்பதிவு வந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"வீட்டுக்காரியிட்டச் சொல்லிப்போட்டன், அப்பா. அவா அப்பவே போனெடுத்து எனக்குப் பதிலா வேற ஆளைப் பிடிச்சிட்டா. பிள்ளையிட்டச் சொல்லுங்கோ, அம்மா வாறா எண்டு."

கிருபன் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டான். கண் கலங்கியது. கடைசிப் பற்றுச்சீட்டு வெளியே வந்ததையும், டிலுசா கொம்பியூட்டரின் வயரைச் சுற்றிக் கட்டியதையும் அவன் கவனிக்கவில்லை.

வாசலில் முதல் லொறி புகை கக்கிக்கொண்டு கிளம்பியது.

யாரோ தோளைத் தொட்டார்கள். சுமைகாரர் இருவரோடு சிவராசா நின்றிருந்தார்.

"கொஞ்சம் எழும்புங்கோ தம்பி, மிசினெல்லாம் ஏத்தியாச்சு, இனி இந்தக் கதிரை மேசைதான் மிச்சம்."