இரக்கத்தின் கோடாலி

நெடுந்தீவு வெளியின் பாழ்ங்கிணற்றடியில் கால் முறிந்து கிடந்த, யாருக்கும் சொந்தமில்லாத கட்டாக்காலிக் குதிரை, விடிந்தது முதல் ஓயாமல் கனைத்துக்கொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ, வேதனையில கத்துது. முடிச்சுவிடுங்கோ," என்றாள் மேரிசுகந்தி.

"உயிரை எடுக்க எங்களுக்கு ஆர் உரிமை தந்தது?" என்றான் அவள் கணவன் அம்புறோஸ்.

"துடிக்கிறதைப் பார்த்துக்கொண்டு நிக்க மட்டும் ஆர் தந்தது? உங்களால ஏலாதெண்டால் கையில இருக்கிற கோடாலியை என்னட்டைத் தாங்கோ."

அவன் ஓங்கினான். குதிரை அவனைப் பார்க்கவேயில்லை. கழுத்தை நீட்டி, கிணற்றை நோக்கியே கனைத்தது. கோடாலி இறங்கியது. வெளியெங்கும் அமைதி பரவியது.

"இனி அதுக்கு வேதனை இல்லை," என்று மேரிசுகந்தி சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டாள்.

அப்போது கனைப்பு மீண்டும் கேட்டது. மெலிந்த குரலில், கிணற்றுக்குள்ளிருந்து.

அம்புறோஸ் எட்டிப் பார்த்தான். வற்றிய கிணற்றின் அடியில் நின்ற குட்டி, தாயின் மறுமொழிக்காகக் காதுகளை நிமிர்த்திக் காத்திருந்தது.