பீரோவுக்கு அடியில் மஞ்சள்

லூடோவின் மஞ்சள் காய் ஒன்று உருண்டோடி பீரோவுக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

"நாலு காயும் வீடு சேர்ந்தாத்தான் ஜெயிக்க முடியும். நான் இல்லாம அவங்களுக்கு ஆட்டமே கிடையாது, தெரியுமா?" என்று அங்கிருந்த சிலந்தியிடம் தினமும் சொல்லும்.

ஞாயிறுதோறும் வெளியே பகடை உருளும். "மஞ்சளை எடு! மஞ்சளை எடு!" என்று அந்த வீட்டுச் சிறுமி ஓவியா கத்துவாள்.

"கேட்டியா? என்னைத்தான் தேடுறாங்க!"

சிலந்தி வலை பின்னும்.

ஒரு ஞாயிறு, ஆட்டத்துக்கு நடுவில் அப்பாவின் துடைப்பம் காயை வெளியே இழுத்துப்போட்டது. அட்டையில் மூன்று மஞ்சள் காய்களோடு வெள்ளைச் சட்டைப் பட்டன் ஒன்று நின்றிருந்தது.

"அடடே, தொலைஞ்ச காய்!" என்றார் அப்பா.

ஓவியா நிமிரவில்லை. பட்டனை நாலு கட்டம் நகர்த்தினாள்.

"அது எதுக்குப்பா? நாலு மஞ்சளும்தான் இங்க இருக்கே."