மேல் அடுக்கு

"இறுகிட்டா யாரும் பிரிக்க முடியாதுல்ல?" மூன்றாவது முறையாகக் கேட்டான் அண்ணன்.

"உடைச்சாத்தான் உண்டு," என்றாள் தங்கை. நினைவுப் பொருட்களை, கண்ணாடி போல் இறுகும் ரெசின் திரவத்தில் பதித்துக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. அச்சில் ஊற்றிய அடி அடுக்கு தொட்டால் ஒட்டும் பதத்தில் இருந்தது. அதன்மேல் அம்மாவின் கடைசிக் கடிதத்தை வைத்தாள்.

‘என்னைக் கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டது என் மகன்.’

‘மகன்’ என்ற சொல் மட்டும் விரலில் தடித்தது. அண்ணன்தான் துண்டுக் காகிதம் ஒட்டி அதன்மேல் எழுதியிருக்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான். தினமும் போன் போட்டு, "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டது மகள் அல்லவா?

மேலே பசை பூசி உலர்த்தாவிட்டால் காகிதம் ரெசினைக் குடித்துக் கண்ணாடி போலாகிவிடும், அடியில் மறைத்தது வெளியே தெரியும். வேண்டுமென்றே பசை பூசாமல் விட்டாள்.

"அண்ணி, டார்ச் லைட்டைக் கொஞ்சம் பிடிங்க."

அண்ணி வந்து பிடித்தாள். தங்கை மேல் அடுக்கை ஊற்றினாள். துண்டுக் காகிதம் மெல்லத் தெளிந்தது. அவன் எழுதியதற்கு அடியிலிருந்து அம்மாவின் கையெழுத்து எழுந்து வந்தது.

‘மருமகள்.’

அண்ணன் சுவரைப் பார்த்தான். தங்கை அவசரமாக இடுக்கியை எடுத்தாள். "காத்துக் குமிழி விழுந்துடுச்சு. லெட்டரை வெளிய எடுத்துடறேன்."

அண்ணி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இறுக எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு... ஒரு நாள்."

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு அச்சின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் பாத்துக்கறேன். எனக்குப் பழக்கந்தான்."