ஒரு துண்டு கறுப்பு டேப்

"மிசினக் கொண்டாந்தீங்களா தம்பி?"

வாசலிலேயே கேட்டுவிட்டார் ஜெயலெட்சுமி அண்ணி. வேலு அண்ணனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் எட்டாவது மாடி. லிஃப்ட் வழக்கம்போல் மக்கர். மூச்சு வாங்கியபடி பையிலிருந்து கருவியை எடுத்தேன். துப்பாக்கி மாதிரி இருக்கும். எதையும் தொடாமலே சூடு பார்க்கலாம். ஆலையில் என்னை நம்பி என் கையில்தான் கொடுத்திருந்தார்கள், என்னத்தைச் சொல்ல.

தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம், ஜுருவில் எங்கள் எண்ணெய் ஆலையில் ஒரு குழாய் அடைத்துக்கொண்டது. பளபளவென்று எவர்சில்வர் குழாய். கருவியை நீட்டினேன். நாற்பது காட்டியது. வெயிலில் கிடக்கிற இரும்புக்கே அவ்வளவு இருக்கும். ஆறிவிட்டது, திறங்க அண்ணே என்றேன்.

திறந்தார். கொதிக்கிற எண்ணெய் அவர் மேலே கொட்டியது.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தார்.

வேலு அவசரப்பட்டுத் திறந்துவிட்டார் என்று ஆலையில் எழுதி வைத்துவிட்டார்கள். அண்ணிக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"அவரு மேல தப்பு இல்லன்னு காட்டுங்க தம்பி. எனக்கு அது போதும்லா."

எவர்சில்வர் டம்ளரில் காப்பியை ஊற்றி என் முன்னால் வைத்தார். ஆவி பறந்தது. கருவியை நீட்டினேன். முப்பத்தைந்து.

அண்ணி டம்ளரைத் தொட்டுப் பார்த்து வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

பளபளப்பான சாமான் என்றால் இந்தக் கருவி ஏமாந்துவிடும். சாமானின் சூடு அதற்குச் சரியாகத் தெரியாது. கண்ணாடியில் முகம் விழுவதுபோல, எதிரே நிற்கிறவனின் சூடு அதில் விழும். அன்று நான் நம்பிய நாற்பதில் என் உடம்புச் சூடும் இருந்தது.

ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டி, அதன்மேல் பார்க்க வேண்டும். அப்போதுதான் சரியாகச் சொல்லும். இது எனக்குத் தெரியும். பாவி, தெரிந்தேதான் செய்தேன். அன்று ஸ்டோரில் டேப் இல்லை.

இன்றும் கொண்டுவரவில்லை. டேப்பை மறந்துவிட்டேன் என்றேன். மறக்கவில்லை. கடையில் அதைக் கையில் எடுக்கவே பயமாக இருந்தது.

"டேப்புதானே? இருங்க."

அண்ணி சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த காவடியிடம் போனார். மயிலிறகுகூட இன்னும் கழற்றவில்லை. தோளில் உறுத்தாமல் இருக்கத் தண்டில் துணி சுற்றி, அதன்மேல் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"இனிமே இத யாரு தூக்கப்போறா?" என்று நகத்தால் நெம்பி, ஒரு துண்டை உரித்துக் கொடுத்தார்.

டம்ளரில் ஒட்டினேன். கருவியை நீட்டினேன். எழுபத்தொன்று.

அண்ணி அந்த எழுபத்தொன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பதினெட்டு நாளில் இப்போதுதான் நிம்மதியாக அழுகிறார் என்று தோன்றியது.

கண்ணைத் துடைத்துவிட்டு காவடியைப் பார்த்தார்.

"தண்ணீர்மலைக்குக் காவடி தூக்கப் போறதுக்கு மொத நாளு ஆலையிலேர்ந்து கொண்டாந்தாரு. ஸ்டோர்ல இருந்த கடைசி ரோலாம். கேட்டதும் தம்பி நீங்க எடுத்துக் குடுத்தீங்கன்னு அவ்ளோ சந்தோசம்."

காப்பி ஆறிவிடும், குடியுங்கள் என்றார்.

குடித்தேன்.