கவிழ்த்து வைத்த சட்டிகள்

“கிரேனைப் பின்னால எடுய்யா! இன்னும் ஒரு அடி முன்ன வந்தே, டயருக்கு அடியில படுத்துருவேன்!”

மண்வெட்டியோடு குறுக்கே வந்து நின்றாள் கருத்தம்மாள். கிரேன்காரர் அசன் முகம்மதுவுக்கு வந்ததே கோபம்! காலையிலிருந்து பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை மனுஷனுக்கு.

செட்டியார்பட்டிப் பக்கம் வற்றிக் கிடந்த கண்மாய் அது. இன்ஜின் நின்றுபோன குட்டி விமானம் ஒன்று அதற்குள் தொப்பென்று இறங்கி ஓடி, பாறையில் மோதி, சக்கரம் ஒடிந்து கிடந்தது. ஓட்டிய கிறிஸ்டோ சீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான்.

விமானத்தைத் தூக்கி லாரியில் ஏற்றணும். கிரேன் போக ஒரே பாதைதான். அதில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு, மண் அள்ளும் இரும்புச் சட்டிகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தாள் இந்தப் புண்ணியவதி. கூடவே நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் பதினோரு பேர்.

“எல்லாம் காசுக்குத்தான் பாய்,” என்றான் விமானக் கம்பெனி மேனேஜர் ஆஸ்டின். “ஏம்மா, எம்புட்டு வேணும்? சொல்லித் தொலை.”

“உம்ம காசு யாருக்கு வேணும்? விபத்தை விசாரிக்கிற ஆபீசர் வரட்டும். அவருகிட்டதான் பேசுவேன்.”

“அவரு வந்து என்னத்தைப் பாக்க? எல்லாம் பைலட் தப்பு. நேரே மைதானமாட்டம் கெடக்கு. அதை விட்டுட்டுப் பாறையில கொண்டுபோய்ச் சொருகியிருக்கான். அவன் லைசென்ஸ் இன்னியோட காலி. நீங்க வண்டியை ஏத்துங்க பாய். சட்டி நசுங்குனா நசுங்கட்டும்.”

அவ்வளவுதான். சட்டிகளுக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்துவிட்டாள் கருத்தம்மாள்.

அசன் முகம்மது தலையில் அடித்துக்கொண்டார். “யக்கா, ஊருல ஒரு விமானம் விழுந்துரக் கூடாதே! வசூலுக்குக் கெளம்பிருவீயளே! உசுருக்குப் போராடுற பிள்ளையை நினைச்சாவது வழி விடுங்க.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த வெயிலிலும் இம்மியும் அசையவில்லை.

மூன்று மணிக்கு ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கினார். அப்புறம்தான் எழுந்தாள். முதல் சட்டியை நிமிர்த்தினாள்.

அடியில் விமானத்தின் டயர்த் தடம், கலையாமல்.

“முன்னமே சொல்லியிருந்தா இந்தக் கம்பெனிக்காரவ இதை அழிச்சிருப்பாவ சார். அந்தத் தம்பிக்கு நினைவு வர்ற வரைக்கும் இது இருக்கணும்ல?”

ஆஸ்டின் வேறு பக்கம் பார்த்தான். அசன் முகம்மது கிரேனை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

அடுத்த சட்டி, அதற்கடுத்த சட்டி என்று நிமிர்த்திக்கொண்டே போனாள். தடம் நேராகத்தான் வந்தது. ஒன்பதாவது சட்டியில் வெடுக்கென்று பாறைப் பக்கம் திரும்பியது.

ஆபீசர் குனிந்து போட்டோ எடுத்தார். “நேரா விட்டிருந்தா ஒரு கீறல் இல்லாம தப்பிச்சிருப்பானே! எதுக்குத் திருப்புனான்?”

கருத்தம்மாள் நேரே கையை நீட்டினாள். அங்கே அப்போதுதான் கொத்தத் தொடங்கியிருந்த இடத்தைச் சுற்றித் தூக்குவாளிகளும் செருப்புகளும் சிதறிக் கிடந்தன.

“அங்கதான் சார் நாங்க பன்னெண்டு பேரும் குனிஞ்சு மண்ணு வெட்டிக்கிட்டு இருந்தோம்.”