மூக்கு மேல் பவுடர்

“மயோபிக்குன்னா என்னாடி அர்த்தம்?”

காலித் தட்டோடு சமையலறைக்குத் திரும்பிய மலர்கொடி, மகள் அகிலாவின் காதருகே கேட்டாள். கூடத்தில் அகிலாவின் அப்பா, பெண் பார்க்க வந்தவர்களுக்கு முந்திரி பக்கோடாவை நீட்டிக்கொண்டிருந்தார்.

அகிலாவுக்குத் திக்கென்றது. “கிட்டப்பார்வைம்மா. எனக்கு இருக்கே, அதான். யாரு சொன்னா?”

“மாப்ளயோட அப்பா. ‘மயோபிக்க மறைச்சுக் கல்யாணம் பண்றது தப்புடி’ன்னு பொண்டாட்டி காதுல சொல்லிக்கினு இருந்தாரு. என்னா பேருடி இது?”

“கிரேக்க வார்த்தைம்மா. கண்ண மூடுறதுன்னு அர்த்தம். தூரத்துல இருக்கறது தெரியாதவங்க கண்ண இடுக்கி இடுக்கிப் பாப்பாங்கல்ல, அதுலேர்ந்து வந்தது. டாக்டர் சீட்டுல எழுதுனப்பவே டிக்‌ஷனரில பாத்துட்டேன்.”

“ஒனக்கு இதான் வேல. அந்த மாப்ளப் புள்ள வேற கண்ண இடுக்கிக்கினு ஒன் மூஞ்சியவே பாத்துச்சு. கண்ணாடித் தழும்பக் கண்டுபுடிச்சிடுச்சு!”

மலர்கொடி மகளின் முகத்தைத் திருப்பி மூக்கைப் பார்த்தாள். அப்பியிருந்த பவுடர் வியர்வையில் கரைந்திருந்தது.

கண்ணாடியால் ஏற்கெனவே ஒரு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. இதுவோ நல்ல இடம். மாப்பிள்ளை பிரவின்குமார் நெய்வேலியிலேயே மைன்ஸ் ஆபீஸில் பர்மனென்ட். மரியாதை தெரிந்த பையன். காரைவிட்டு இறங்கியதும், பக்கத்து குவார்ட்டர்ஸ் வாசலில் நின்ற அந்த வீட்டு அம்மாவைக்கூட “வணக்கம் அத்தை” என்று கும்பிட்டிருந்தான்.

“நாமளே சொல்லிடலாம்மா,” என்றாள் அகிலா. “கட்டிக்கப் போறவரு எனக்கு வெறும் நீலச் சட்டையாதான் தெரியறாரு.”

அரிசி டப்பாவில் ஒளித்து வைத்திருந்த கண்ணாடியை மலர்கொடி எடுத்தாள். முந்தானையால் துடைத்து மகளுக்கு மாட்டிவிட்டு, கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்து வந்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க. எம்பொண்ணு கண்ணாடி போடுறவ. பவரு ஜாஸ்திதான். மறைச்சது என் தப்பு.”

மாப்பிள்ளையின் அப்பா சக்கரபாணி, மனைவி பெரியநாயகியைப் பார்த்தார். பெரியநாயகி தரையைப் பார்த்தாள்.

பிரவின்குமார்தான் வாயைத் திறந்தான்.

“அம்மா, காருல வெச்சுப் பூட்டினியே, என் கண்ணாடி, அத எடுத்துட்டு வா. நான் இன்னும் பொண்ணையே பாக்கல.”

பெரியநாயகி எழுந்து வெளியே போனாள்.