கப்பிச் சத்தம்

கிரீச்... கிரீச்... கிரீச்.

பக்கத்து வீட்டுப் பின்புறத்திலிருந்து துணிக்கொடியின் கப்பி முனகியது. பெர்னிஸ் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். நாற்பது வருஷமாகக் கேட்கிற சத்தம். அந்த வீட்டு எட்னாவை அடக்கம் செய்த அன்றோடு நின்றுபோயிருந்தது. பத்து நாள் கழித்து இன்றைக்குத்தான் திரும்பக் கேட்கிறது.

ஜன்னல் திரையை விலக்கினாள். செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்திலிருந்து ஏறிவந்த மூடுபனிக்குள் நின்று, எட்னாவின் மகன் ஹெட்லி துணி மாட்டிக்கொண்டிருந்தான். ஐம்பத்து மூன்று வயது. பிறவியிலேயே பெருமூளை வாதம். இடது கையும் காலும் விறைப்பு.

"பாத்தியா கில்பர்ட், கிழவி போயும் அவனுக்கு விடுதலை இல்ல."

"உனக்கும் அந்த ஜன்னல்லேர்ந்து இல்ல," என்றார் புருஷன், பேப்பரை விட்டுத் தலையைத் தூக்காமல்.

அவளுக்குப் பழைய நாள் ஞாபகம் வந்தது. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த புதிதில் ஹெட்லிக்குப் பதின்மூன்று வயது. எட்னா பின்வாசலில் நாற்காலி போட்டு ராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள். கிளிப் பையோ முற்றத்தின் அந்தக் கோடியில் ஆணியில் தொங்கும். ஒவ்வொரு கிளிப்புக்கும் பையன் காலை இழுத்து இழுத்து நடந்துபோய் வரணும். போதாததற்கு அவள் கையிலிருக்கும் கிளிப் வேறு அடிக்கடி கீழே விழும்.

"குனி. எடு."

அவன் குனிவான். எடுப்பான்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் பெர்னிஸ் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கத்தியே விட்டாள். "உங்களுக்கு மனசாட்சியே இல்லையா? முடியாத புள்ளைய இப்படி வேலை வாங்கறீங்களே!"

எட்னா திரும்பிப் பார்த்தாள். "துணி காயணும்ல, மிஸஸ்?"

அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சு குட் மார்னிங்கோடு சரி. இரண்டே பேர் இருக்கிற வீட்டில் தினமும் அத்தனை துணி எங்கிருந்து வருகிறது, மூடுபனி இறங்கின நாளில் கூடவா உலர்த்துவார்கள் என்றுதான் பெர்னிஸுக்குக் கடைசி வரை விளங்கவில்லை.

இப்போதாவது அந்தப் பிள்ளை நிம்மதியாக இருக்கட்டும். சர்ச் பெண்களைத் திரட்டினாள். சனிக்கிழமை, புத்தம்புது டிரையர் ஒன்றை இரண்டு ஆட்கள் ஹெட்லி வீட்டு வாசலில் இறக்கினார்கள்.

"இனிமே அந்தக் கயித்தோட மல்லுக்கட்ட வேணாம், மகனே. பட்டனைத் தட்டினா துணி காஞ்சிரும்."

ஹெட்லி டிரையரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பேச்சு அவனுக்குக் கொஞ்சம் இழுக்கும். "கீழ வாங்க மிஸஸ். ஒண்ணு காட்டறேன்."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினான். மூலையில் ஒரு பழைய டிரையர். பெர்னிஸ் அதன்மேல் கை வைத்தாள். சூடு இன்னும் ஆறவில்லை.

"இது எப்ப வாங்கினது?"

"எனக்குப் பன்னெண்டு வயசுல."

"அப்ப எதுக்குடா வெளியில..."

"ஆஸ்பத்திரில பயிற்சி சொல்லிக் குடுத்தாங்க. கையத் தூக்கு, குனி, நட. ஆயுசுக்கும் விடக்கூடாதுன்னாங்க. நான் கத்தி ஊரைக் கூட்டினேன். ஆனா பயிற்சின்னாத்தான் கத்துவேன், வேலைன்னா கத்த மாட்டேன். அம்மா அதைக் கண்டுபிடிச்சிட்டா. துவைச்சு, இதுல காயவச்சு, இஸ்திரி போட்டு மடிச்சு வச்சுடுவா. காலைல அதையே தண்ணில முக்கி எங்கிட்ட குடுப்பா."

பெர்னிஸ் படியில் உட்கார்ந்துவிட்டாள். "உனக்கு எப்ப தெரியும்?"

"இருபது வயசுல. ஈர விரிப்புல இஸ்திரி மடிப்பு அப்படியே இருந்துது." சிரித்தான். "நான் சொல்லல. சொன்னா அது பயிற்சியாயிடும்."

இடது கையை மெல்லத் தலைக்கு மேல் தூக்கப் பார்த்தான். முழங்கை நடுங்கி, பாதியிலேயே நின்றது.

"போன மாசம் வரைக்கும் முழுசாப் போச்சு. டாக்டரே ரெண்டு தடவ தூக்கச் சொல்லிப் பாத்தார். இப்ப நானே முக்கி நானே மாட்டினா, வேலையாத் தோண மாட்டேங்குது மிஸஸ். அன்னிக்கு மாட்டினப்பவும் பாதியில விட்டுட்டு வந்துட்டேன்."

பெர்னிஸ் மேலே வந்தாள். டிரையரைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொன்னாள்.

திங்கட்கிழமை காலையில் கனத்த கூடையோடு ஹெட்லி வீட்டுப் பின்வாசலுக்கு வந்து நின்றாள்.

"எங்க வீட்டு டிரையர் கெட்டுப்போச்சு மகனே. கொஞ்சம் மாட்டிக் குடேன்."

மடிப்புத் தெரியக்கூடாதென்று விரிப்புகளை நன்றாகக் கசக்கியிருந்தாள். ஹெட்லி ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனான். ஈரத்துக்கடியில் அலமாரியின் லாவெண்டர் வாசனை.

"எப்ப சரியாகும் உங்க டிரையர்?"

"அதுவா? அது இந்த ஜென்மத்துல சரியாகாது."

ஹெட்லி காலை இழுத்து நடந்து கோடிக்குப் போய்க் கிளிப் எடுத்துவந்தான்.

பெர்னிஸ் எட்னாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கையிலிருந்த கிளிப் ஒன்று கீழே விழுந்தது.

"குனி," என்றாள். "எடு."

அவன் குனிந்தான். எடுத்தான். விரிப்பின் ஓரத்தில் அதை மாட்டிவிட்டுக் கயிற்றை இழுத்தான்.

கிரீச்.